துரத்தி வந்த குதிரை

1973 மார்ச் 31 அன்று இங்கிலாந்தின் லிவர்பூல் நகரை ஒட்டிய எய்ன்ட்ரீ மைதானத்தில் நடந்த கிராண்ட் நேஷனல் என்ற வேலி தாண்டும் குதிரைப் பந்தயத்தின் பழைய ஒளிப்பதிவைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே மனநிலையோடுதான் எழுந்து போகிறார்கள். இரண்டாவதாக வந்த கிரிஸ்ப் என்ற குதிரைக்காக மனம் கனத்துப் போகிறது. வென்ற ரெட் ரம் மீது, காரணம் சொல்லத் தெரியாத ஒரு சிறு வெறுப்பும் தங்கி விடுகிறது. ரேஸ் பற்றி நன்கு அறிந்த என் நண்பர் ஒருவரோடு அமர்ந்து அண்மையில் அதைப் பார்த்தேன். கிண்டியில் ஓடிய குதிரைகளின் எடை, தூரம், ஜாக்கி எல்லாவற்றையும் நினைவிலிருந்தே சொல்லக்கூடியவர் அவர். பந்தயம் முடிந்ததும், "பாவம் சார் அந்தக் குதிரை. அவ்வளவு தூரம் தனியா ஓடி வந்து, கடைசியில இன்னொருத்தன் பறிச்சிட்டுப் போயிட்டானே" என்றார். அவர் மட்டும் சொன்ன கருத்து அல்ல இது; இந்தப் பந்தயத்தைப் பற்றி ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லப்படுவது ஏறக்குறைய இதுதான். ஆனால் 'பறித்தல்' என்ற அந்தச் சொல் எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த மாலை ரெட் ரம் செய்த காரியத்துக்கு அது பொருந்தவே இல்லை என்று நினைக்கிறேன்.

கிரிஸ்பின் ஓட்டம் எவ்வளவு பெரியது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அந்தப் பெரிய கருநிறக் குதிரை, 1971-இல் செல்டன்ஹாம் மைதானத்தில் இரண்டு மைல் சாம்பியன் பந்தயத்தை 25 லெங்த் (ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் உடல் நீளம்) வித்தியாசத்தில் வென்றிருந்தது. அதன் பயிற்சியாளர் ஃபிரெட் வின்டர், கிராண்ட் நேஷனலை ஜாக்கியாக இரண்டு முறையும் பயிற்சியாளராக இரண்டு முறையும் வென்றவர். கடிவாளத்தை இறுக்கிப் பின்னால் அடக்கி வைத்தால் கிரிஸ்ப் சோர்ந்துவிடும் என்பது முந்தைய ஆண்டு தங்கக் கோப்பைப் பந்தயத்திலேயே தெரிந்துவிட்டது. எனவே எய்ன்ட்ரீயில் ஜாக்கி ரிச்சர்ட் பிட்மன் அதை அதன் போக்கில் விட்டார். முதல் சுற்று முடிவதற்குள் அது மற்ற குதிரைகளை வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டது. மைதானத்திலேயே உயரமான 'சேர்' வேலியில் அதைத் தொடர்ந்து வந்த கிரே சாம்ப்ரெரோ விழுந்து உயிரை விட்டது. அந்தச் சாவைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதால் இங்கே குறித்து வைக்கிறேன். இரண்டாம் சுற்றுக்குள் நுழையும்போது கிரிஸ்புக்கும் மற்ற குதிரைகளுக்கும் நடுவே இருபது லெங்த்துக்கும் மேல் வெற்றுப் புல்வெளி கிடந்தது. ஆளுயர வேலிகளை அது இடறாமல், தயங்காமல் தாண்டிச் செல்வதைப் பார்த்தால், மற்ற 37 குதிரைகளும் வேறு ஏதோ பந்தயத்தில் ஓடுவதாகவே தோன்றும்.

முடிவும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடைசி வேலியைத் தாண்டும்போது ஏறக்குறைய பதினைந்து லெங்த் முன்னிலை. அதன் பிறகு எல்லைக்கோடு வரை 494 கஜம், அதாவது 450 மீட்டருக்குச் சற்று மேல், வேலியே இல்லாத நீண்ட ஓட்டம். எல்போ என்ற வளைவை நெருங்கும்போது பிட்மன் வலக்கையில் சாட்டையை எடுத்து வீசினார். தளர்ந்துபோயிருந்த கிரிஸ்ப் இடப்பக்கமாகச் சாய்ந்து வழி தவறியது. அதை நேராக்கித் திருப்புவதற்குள் சில லெங்த் கரைந்து போயின. தான் அந்தச் சாட்டையை எடுத்திருக்கவே கூடாது என்று பிட்மன் பிற்காலத்தில் பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். கோட்டுக்கு ஓரிரு தாவல் முன்பாக ரெட் ரம் கடந்து சென்றது. வித்தியாசம் முக்கால் லெங்த். இரண்டு மீட்டர்கூட இல்லை.

எடையின் கணக்கு

ரெட் ரம் மீது வைக்கப்படும் முதல் குறை எடையைப் பற்றியது. கிரிஸ்ப் சுமந்தது 12 ஸ்டோன், அதாவது 76 கிலோ. ரெட் ரம் சுமந்தது 10 ஸ்டோன் 5 பவுண்டு, ஏறக்குறைய 66 கிலோ. 23 பவுண்டு வித்தியாசம். நான்கரை மைல் தூரமும் முப்பது வேலிகளும் கொண்ட பந்தயத்தில் பத்துக் கிலோ அதிகமாகச் சுமந்த குதிரை முக்கால் லெங்த்தில் தோற்றது என்றால், உண்மையில் வென்றது யார் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் கிராண்ட் நேஷனல் ஒரு ஹேண்டிகேப் பந்தயம். சிறந்த குதிரை எது என்று கண்டுபிடிக்க அது நடத்தப்படுவதில்லை. நல்ல குதிரையின் சேணத்தடியில் ஈயத்தை ஏற்றி, சுமாரான குதிரைக்கும் வழி திறந்து வைப்பதுதான் அதன் அமைப்பு. அந்த விதியை ஏற்றுக்கொண்டுதான் கிரிஸ்பின் உரிமையாளர் தம் குதிரையை இறக்கினார்.

ஆனால் விதி இப்படி என்று சொல்லி இதை முடித்துவிட நான் விரும்பவில்லை. விதியைக் காட்டி வாயடைப்பது எளிது. மனம் அதனால் சமாதானம் ஆகாது. எடைக் கணக்கை நம்பி ரெட் ரம்மைக் குறை சொல்கிறவர்கள் பார்க்கத் தவறும் ஒன்று அதே கணக்குக்குள் இருக்கிறது. அன்றைக்குக் குறைந்த எடையோடு ஓடிய குதிரை ரெட் ரம் ஒன்றுதானா? குறைந்தபட்ச எடை 10 ஸ்டோன். அதிலும் அதை ஒட்டிய எடையிலும் ஓடிய குதிரைகள் பல. எடை மட்டுமே அந்த வெற்றியைத் தந்திருந்தால், ரெட் ரம்மைவிட இலேசாக ஓடிய அந்தக் குதிரைகள் எங்கே போயின? ஒன்றுகூடக் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இல்லை. மூன்றாவதாக வந்த லெஸ்கார்கோ, இரண்டு முறை செல்டன்ஹாம் தங்கக் கோப்பையை வென்ற குதிரை. கிரிஸ்பைப் போலவே 12 ஸ்டோன் சுமந்து, 25 லெங்த் பின்னால் வந்தது. நான்காவதாக வந்த ஸ்பானிஷ் ஸ்டெப்ஸும் லேசான குதிரை இல்லை. அதாவது, ரெட் ரம் அன்று லாயத்திலேயே நின்றிருந்தால், கிரிஸ்ப் 24 லெங்த்துக்கும் மேலான வித்தியாசத்தில் வென்று, பிட்மன் சாட்டையை எடுத்ததோ குதிரை சாய்ந்ததோ யாருக்கும் நினைவிலேயே நின்றிருக்காது. கிரிஸ்பின் தோல்வியைப் பெருந்துயரமாக மாற்றிய ஒரே காரணம், அதைத் துரத்த ஒரே ஒரு குதிரை முன்வந்தது என்பதுதான்.

பெச்சர்ஸ் வேலிக்கு முன்

என் பார்வையில் இந்தப் பந்தயத்தின் திருப்புமுனை எல்போ வளைவில் இல்லை. அதற்குச் சில நிமிடங்கள் முன்பாக, இரண்டாம் சுற்றில் பெச்சர்ஸ் புரூக் என்ற வேலியை நோக்கிக் குதிரைகள் போய்க்கொண்டிருந்தபோது அது நிகழ்ந்துவிட்டது. ஒளிப்பதிவில் அதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கேமராவின் கவனமும் வர்ணனையாளரின் குரலும் கிரிஸ்பிடமே இருக்கின்றன. கூட்டத்திலிருந்து ஒரு குதிரை பிரிந்து, தனியாக, முன்னால் வருகிறது. அதன் மேல் இருந்தவர் பிரையன் ஃப்ளெட்சர், இங்கிலாந்தின் டர்ஹம் பகுதிக்காரர், வயது 25.

அந்த இடத்தில் ஒரு ஜாக்கியின் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. முன்னால் ஓடும் குதிரை இந்த வேகத்தில் நான்கரை மைல் தாங்காது, தானாகத் தளர்ந்து கூட்டத்துக்குள் வந்துவிடும் என்று நம்பி, தன் குதிரையின் மூச்சைச் சேமித்துக்கொண்டு காத்திருக்கலாம். அன்று மற்றவர்கள் செய்தது அதைத்தான். சாதாரணமாக அதுவே புத்திசாலித்தனமும்கூட. இரண்டாவது வழி, இப்போதே கிளம்புவது. கிளம்பினால் இன்னும் ஒன்றரை மைலுக்கு மேல் ஒரு பத்து வேலிகள் மிச்சம் இருக்கும் நிலையில், தன் குதிரையின் முழு பலத்தையும் செலவழிக்க வேண்டும். கிரிஸ்ப் தளராமல் போனால் அந்தச் செலவு வீண். தன் குதிரையும் களைத்து, இரண்டாவது இடத்தைக்கூடக் கூட்டத்திடம் இழக்க நேரிடும். ஃப்ளெட்சர் இரண்டாவது வழியைத் தேர்ந்தார். இந்தக் குதிரை இன்று தளரப் போவதில்லை, அல்லது தளர்வதற்கு முன் கோட்டைத் தொட்டுவிடும் என்று அவர் கணித்திருக்க வேண்டும். கடிகாரம் அவர் கணிப்புக்குச் சாட்சி. ரெட் ரம் எடுத்துக்கொண்ட நேரம் 9 நிமிடம் 1.9 விநாடி, பழைய மைதானச் சாதனையைவிட ஏறக்குறைய 19 விநாடிகள் குறைவு. தோற்ற கிரிஸ்பும் அந்தச் சாதனையை முறியடித்தேதான் தோற்றது. 1990-இல் மிஸ்டர் ஃபிரிஸ்க் வரும் வரை அந்த நேரத்தை யாரும் நெருங்கவில்லை. ஆகவே, காத்திருந்தவர்கள் எதிர்பார்த்தபடி கிரிஸ்ப் முறிந்து விழவே இல்லை. கடைசி நூறு கஜத்தில் கால் பின்னும் அளவுக்கு அது களைத்தது உண்மைதான்; அப்போதும் மற்றவர்களுக்கு அது எட்டாத தூரத்தில்தான் இருந்தது.

அந்தத் துரத்தலில் ஒரு தனிமை இருந்தது. முன்னால் பார்த்தால் இருபது லெங்த் தூரத்தில் ஒரு குதிரையின் பின்புறம். பின்னால் யாரும் துணைக்கு இல்லை. பெச்சர்ஸ் வேலியில் தாண்டிக் கிளம்பும் பக்கத்தைவிட இறங்கும் பக்கம் தாழ்வாக இருக்கும். தரை எங்கே என்று குதிரை எதிர்பார்க்கிறதோ அங்கே தரை இருக்காது. 1839-இல் நடந்த பந்தயத்தில் கேப்டன் பெச்சர் என்பவர் அங்கே விழுந்து ஓடைக்குள் ஒளிந்து உயிர் தப்பியதால் வந்த பெயர் அது. கூட்டத்தோடு வரும் குதிரைக்குப் பக்கத்துக் குதிரையின் தாவல் ஒரு வழிகாட்டி. தனியாக வரும் குதிரை தன் கண்ணை மட்டுமே நம்பித் தாவ வேண்டும். ரெட் ரம் ஒவ்வொரு வேலியிலும் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளியைக் குறைத்தது. ஒரே பாய்ச்சலில் அல்ல; வேலிக்கு ஒரு லெங்த், வளைவுக்கு ஒரு லெங்த் என்று. அன்று தரை இறுகிக் கிடந்தது. பின்னால் நெருங்கி வரும் குளம்புச் சத்தமும் மூச்சுச் சத்தமும் தன் காதில் விழுந்ததைப் பிட்மன் நினைவுகூர்ந்திருக்கிறார். கடைசி நிமிடத்தில் எங்கிருந்தோ வந்து எதையோ பறித்துக்கொண்டு போன குதிரையின் சத்தம் அல்ல அது. பந்தயத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கு முழுவதும் அந்தச் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

அந்தக் கால்கள்

இறுகிய தரை என்று மேலே சொன்னேன். ரெட் ரம்மைப் பொறுத்தவரை அது சாதாரணச் செய்தி இல்லை. 1965-இல் அயர்லாந்தின் கில்கென்னி மாவட்டத்தில் பிறந்த அந்தக் குதிரைக்கு, தாய் மேரெட், தந்தை குவோரம் இருவர் பெயரின் கடைசி மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். வேலி இல்லாத, குறுந்தூரச் சமதளப் பந்தயங்களுக்கென்றே வளர்க்கப்பட்ட வம்சம். குட்டியாக 400 கினிக்கு (கினி என்பது பவுண்டைவிடச் சற்றுக் கூடுதலான பழைய ஆங்கிலப் பணக் கணக்கு) விற்கப்பட்டு, கைமாறிக் கைமாறி ஓடி, 1972 ஆகஸ்டில் டான்காஸ்டர் ஏலத்துக்கு வந்தபோது அதன் குளம்புக்குள் நோய் இருந்தது. குளம்பின் உள்ளே இருக்கும் எலும்பில் ஏற்படும் அழற்சி. ஓட்டக் குதிரையின் வாழ்வை முடித்துவிடக்கூடியது. அதை அறியாமல் 6,000 கினி கொடுத்து எடுத்தவர் டொனால்ட் மெக்கெய்ன். 'ஜிஞ்சர்' என்றே எல்லோரும் அழைத்த அவர், சவுத்போர்ட் நகரில் டாக்சி ஓட்டியவர், பழைய கார்களை விற்றவர். அவருடைய லாயம் கார் விற்பனைக் கடைக்குப் பின்னால் இருந்தது. குதிரையை வாங்கக் காசு கொடுத்த நோயல் லே மேர் எண்பது வயதைக் கடந்தவர். மெக்கெய்னின் டாக்சியில் ஏறிய பயணியாகத்தான் இருவருக்கும் பழக்கம்.

வந்த புதிதில் கடற்கரையில் ஓட விட்டபோது குதிரை நொண்டியது. மெக்கெய்ன் அதைக் கடலுக்குள் இறக்கினார். அந்தக் கரையில் இறால் பிடிக்கிறவர்களின் வண்டிக் குதிரைகள், கால் கெட்டவையும்கூட, உப்புத் தண்ணீரில் நடந்து நடந்து தேறியதைச் சின்ன வயதில் பார்த்திருந்தவர் அவர். முழங்கால் அளவு நீரில் நடை, பிறகு நீர் வடிந்த ஈர மணலில் ஓட்டம். அலை ஒதுங்கிய நேரம் பார்த்து, பழைய வண்டியின் பின்னால் பரம்பு கட்டி மணலைக் கிளறிச் சமன் செய்து, அதன் மேல் ஓட விடுவார்கள். பேர்பெற்ற லாயங்களில் மலைச்சரிவுப் புல்வெளிகளில் குதிரைகள் பயிற்சி பெறுகையில், இந்தக் குதிரை நகரத் தெருக்களில் வாகனங்களுக்கு நடுவே நடந்துபோய்க் கடல் மணலில் ஓடிவிட்டுத் திரும்பியது. அந்த இலையுதிர்காலத்தில் தொடர்ந்து ஐந்து பந்தயங்களை வென்றது. கிராண்ட் நேஷனல் நாளில் கிரிஸ்புக்கு இணையாக, 9-க்கு 1 (ஒன்று கட்டினால் ஒன்பது லாபம்) என்று மக்கள் அதன் மேல் பணம் கட்டினார்கள். இறுகிய தரையில், இறங்கும் பக்கம் தாழ்ந்த வேலிகளில், முப்பது முறை அந்தக் குளம்புகள் தரையில் மோதி எழுந்திருக்கின்றன. பத்துக் கிலோ குறைவு என்று கணக்குச் சொல்கிறவர்கள் அந்தக் கால்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் வாதம்.

அடுத்த ஆண்டும் அதன் பிறகும்

1973 நவம்பரில் டான்காஸ்டரில் இரு குதிரைகளும் மறுபடி மோதின. இம்முறை சம எடை. கிரிஸ்ப் எட்டு லெங்த்தில் வென்றது. கிரிஸ்பின் ரசிகர்கள் இதை இறுதித் தீர்ப்பாகக் காட்டுவதுண்டு. நான் அதை மறுக்க விரும்பவில்லை; சம எடையில் கிரிஸ்ப்தான் மேலான குதிரை. எய்ன்ட்ரீயில் யாரும் அதற்கு மாறாகச் சொல்லவும் இல்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் 1974-ஐ மறைக்க வேண்டிவரும். அந்த ஆண்டு ரெட் ரம் மீது ஏற்றப்பட்ட எடை 12 ஸ்டோன். முந்தைய ஆண்டு கிரிஸ்ப் சுமந்த அதே எடை, தான் சுமந்ததைவிட 23 பவுண்டு கூடுதல். பட்டியலில் அதற்கு மேல் யாரும் இல்லை. லெஸ்கார்கோவை ஏழு லெங்த் பின்னால் விட்டு வென்றது. அடுத்த மாதமே ஸ்காட்டிஷ் கிராண்ட் நேஷனலையும் வென்றது. 1975-லும் 1976-லும் இரண்டாம் இடம். 1977-இல், பன்னிரண்டு வயதில், 25 லெங்த் வித்தியாசத்தில் மூன்றாவது வெற்றி. வேறு எந்தக் குதிரையும் இன்றுவரை மூன்று முறை இந்தப் பந்தயத்தை வென்றதில்லை. இந்த ஐந்து ஆண்டுகளில் எய்ன்ட்ரீயின் நூற்றைம்பது தாவல்களில் அது ஒருமுறைகூட விழவில்லை. எழுபதுகளில் அந்த மைதானம் விற்கப்பட்டு, ஒவ்வோர் ஆண்டும் இதுதான் கடைசிப் பந்தயம் என்ற பேச்சு இருந்த காலம். அப்போது மக்களை அந்தப் பக்கம் திருப்பி வைத்ததில் இந்தக் குதிரைக்குப் பெரும் பங்கு உண்டு. 1995-இல் முப்பது வயதில் இறந்தபோது எய்ன்ட்ரீயிலேயே, வெற்றிக் கம்பத்துக்குப் பக்கத்தில் புதைத்தார்கள்.

குதிரைக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை இப்படி எப்படியோ கிடைத்துவிட்டது. எனக்கு இன்னும் தீராத வருத்தம் ஃப்ளெட்சரைப் பற்றியது. 1968-இல் இருபது வயதில் ரெட் அலிகேட்டர் என்ற குதிரையில் கிராண்ட் நேஷனலை வென்றவர் அவர். 1972-இல் விழுந்து தலையில் பலத்த அடிபட்டு, பல மாதங்கள் குதிரை ஏறாமல் இருந்தவர். அப்படிப்பட்டவர்தான் 1973-இல், பாதுகாப்பாகக் காத்திருக்க எல்லாக் காரணமும் இருந்தும், கூட்டத்தை விட்டுக் கிளம்பினார். 1974-லும் ரெட் ரம்மின் சேணத்தில் அவரே இருந்தார். பின்னர் பயிற்சியாளரோடு மனக்கசப்பு வந்து, டாமி ஸ்டாக் என்ற ஜாக்கியிடம் குதிரை போய்விட்டது. 1977-இன் கொண்டாட்டத்தில் ஃப்ளெட்சருக்கு இடமில்லை. 2017-இல் அவர் இறந்தார். தோற்ற பிட்மனின் நேர்மையான வருத்தத்தை உலகம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறது. அதைக் கேட்பதில் எனக்கும் மறுப்பில்லை. அதே பந்தயத்தில், யாருமே துரத்த நினைக்காத ஒரு குதிரையைத் துரத்தலாம் என்று முடிவெடுத்தவரைப் பற்றியும் அதே அளவு பேசியிருக்க வேண்டும். அந்த ஒளிப்பதிவை இனிப் பார்க்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இரண்டாம் சுற்றில் பெச்சர்ஸ் வேலி வருவதற்குச் சற்று முன்பிருந்தே கிரிஸ்பைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, பின்னால் தனியாக வருகிற குதிரையையும் அதன் மேல் இருப்பவரையும் பாருங்கள்.